கூடைப்பந்து ஆட்டத்தில் கேம் கிளாக் பிசகினால்: டேபிளில் உட்காருபவர்களுக்கான வழிமுறை

பள்ளிப் போட்டி, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, கோடையில் ஃப்ளட்லைட் வெளிச்சத்தில் நடக்கும் இரவு ஆட்டங்கள் என்று எங்கே டேபிளில் (நேரத்தையும் ஸ்கோரையும் கவனிப்பவர்களின் மேசையில்) உட்கார்ந்தாலும், ஆட்ட நேரக் கடிகாரமான கேம் கிளாக்கில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு முறையும் அதை ஏதோ புதிதாக வந்த சிக்கல் போல எதிர்கொள்கிறோம். இரண்டு கோச்சுகளும் டேபிளுக்கு வந்து நிற்க, ரெஃப்ரி நம் முகத்தைப் பார்க்க, பதற்றத்தில் ஆளுக்கு ஒரு நேரம் சொல்கிறோம். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். டேபிளில் ஒரு பிரதி இருந்தால் உதவும்.

இங்கே சொல்வதெல்லாம் சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவின் விதிகள்படி. நம் நாட்டுப் போட்டிகள் நடப்பது இந்த விதிகளில்தான்: தலா 10 நிமிடம் கொண்ட 4 குவார்ட்டர், சமனானால் 5 நிமிடக் கூடுதல் நேரம். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ ஆட்டங்களையும் அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களையும் யூடியூபில் பார்த்துவிட்டு அந்த விதிகளை இங்கே பேசுபவர்கள் உண்டு. அவை வேறு. கலக்க வேண்டாம்.

## எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இது

நேரத்தைத் திருத்தும் அதிகாரம் கடிகாரத்தை இயக்கும் டைமருக்கு இல்லை, ரெஃப்ரிகளுக்கே உண்டு. அவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் முடிவு தலைமை ரெஃப்ரியான க்ரூ சீஃபுடையது. அவர் சக ரெஃப்ரிகளையும், போட்டியை மேற்பார்வையிடும் கமிஷனர் இருந்தால் அவரையும், டேபிளில் இருப்பவர்களையும் கேட்டுக்கொள்ளலாம். ஆக, நம் வேலை தகவல் கொடுப்பது. அந்தத் தகவல் ஊகமாக இருக்கக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகும் விஷயம்.

அதற்கு ஒரே வழி எழுதி வைப்பது. ஸ்கோர்ஷீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாதாரணத் தாள் போதும். விசில் அடிக்கும்போதெல்லாம் மூன்றைக் குறியுங்கள்: கேம் கிளாக், ஷாட் கிளாக் (ஒரு அணி ஷூட் செய்ய இருக்கும் 24 விநாடியை எண்ணும் கடிகாரம்), பந்து யாருக்கு. "6:42 / 24 / ஏ" என்று எழுத இரண்டு விநாடிகூட ஆகாது. டைமரால் முடியாவிட்டால் துணை ஸ்கோரர் எழுதட்டும். இந்தத் தாள் இருந்தால் கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை சிறிய கழித்தல் கணக்காக முடிந்துவிடும். தாள் இல்லையென்றால் ஒவ்வொன்றும் வாக்குவாதமாகும்.

அடுத்து, பந்து உயிரோடு (ஆட்டத்தில்) இருக்கும்போது பஸ்ஸரை அழுத்தாதீர்கள். டேபிளின் பஸ்ஸரால் ஆட்டமும் நிற்காது, கடிகாரமும் நிற்காது, பந்தும் செத்துப்போகாது. வீரர்கள் குழம்பி நின்றுவிடுவார்கள், அவ்வளவுதான். பந்து செத்த பிறகு (டெட் பால், அதாவது பந்து ஆட்டத்தில் இல்லாத நிலை), அது மறுபடி உயிர் பெறுவதற்கு முன் அழுத்துங்கள். அதற்குள் ரெஃப்ரி நம் பக்கம் பார்த்தால் கையைக் காட்டுங்கள், நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்வார்.

கடைசியாக, கடிகாரம் சரியாகும் வரை த்ரோ-இன் (கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுவது) போடுபவர் கைக்குப் பந்து போகக் கூடாது. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் நடந்தது இதுதான். 3 விநாடி மீதமிருக்க அமெரிக்கா 50-49 என்று முன்னால் இருந்தது. டேபிளில் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே சோவியத் அணிக்குப் பந்து கொடுக்கப்பட்டது. அப்போது ஸ்கோர்போர்டு காட்டியது 50 விநாடி. அந்த முயற்சி செல்லாது என்று மறுபடி 3 விநாடி தரப்பட, அலெக்சாந்தர் பெலோவ் போட்ட கூடையில் சோவியத் 51-50 என்று வென்றது. அமெரிக்காவின் முறையீடு 3-2 என்ற வாக்கில் தள்ளுபடியானது. அந்த அணி இன்று வரை வெள்ளிப் பதக்கங்களை வாங்கவில்லை. டேபிளிலிருந்து "தயார்" என்று கட்டை விரல் உயர்வதற்கு முன் பந்தைக் கொடுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

## அறிகுறி 1: பந்து ஆட்டத்துக்கு வந்துவிட்டது, கேம் கிளாக் ஓடவில்லை

அதிகம் நடப்பது இதுதான்.

முதல் காரணம், பட்டனைத் தாமதமாக அழுத்துவது. த்ரோ-இன் என்றால், ஆடுகளத்துக்குள் இருக்கும் வீரர் பந்தை முறைப்படி தொட்ட கணத்தில் கடிகாரம் ஓட வேண்டும். ரெஃப்ரி கையை வெட்டி இறக்கும் சைகை அதற்காகத்தான். அவர் கையைப் பார்ப்பதா பந்தைப் பார்ப்பதா என்று தடுமாறும்போது தாமதம் வருகிறது. கவனித்த உடனே ஓட விடுங்கள். "ரெஃப்ரி சொல்லட்டும்" என்று கடிகாரத்தை நிறுத்தியே வைத்திருந்தால் பிழை இன்னும் பெரிதாகும். ஓட விட்ட கணத்தில் ஷாட் கிளாக் என்ன காட்டியது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 24-ல் தொடங்கியது 21 காட்டினால், விட்டுப்போனது 3 விநாடி.

இரண்டாவது, கடிகாரத்தை இயக்கும் பெட்டியான கன்சோல் வேறு நிலையில் நிற்பது. டைம்-அவுட் அல்லது இடைவேளை நேரம் ஓட்டிய பிறகு ஆட்ட நேரத்துக்கு மாற்ற மறந்திருப்பார்கள். அல்லது நேரத்தை மாற்றும் நிலையிலேயே விட்டிருப்பார்கள். ஸ்டார்ட்டை எத்தனை முறை அழுத்தினாலும் ஓடாது.

மூன்றாவது, கன்சோல் ஓடுகிறது, போர்டு ஓடவில்லை. போர்டைப் பார்த்துப் பதறுவதற்கு முன் உங்கள் முன்னால் இருக்கும் கன்சோலின் சிறு திரையைப் பாருங்கள். அங்கே நேரம் சரியாக ஓடுகிறது என்றால், தொலைந்தது காட்சி மட்டும்தான், நேரம் பத்திரமாக இருக்கிறது. நேரத்தைத் திருத்த எதுவுமில்லை. அடுத்த டெட் பாலில் ரெஃப்ரியிடம் சொல்லுங்கள், அறிவிப்பாளர் மைக்கில் நேரத்தைச் சொல்லட்டும், கேபிளை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

நான்காவது, கன்சோலே உறைந்துவிட்டது. ஸ்டாப்வாட்ச்சுக்கு மாறுங்கள். இதற்கு அறிகுறி 7-ஐப் பாருங்கள்.

### எவ்வளவு நேரம் விட்டுப்போனது என்று எப்படிச் சொல்வது

ஷாட் கிளாக்தான் உங்கள் இரண்டாவது கடிகாரம். அதை இயக்குபவர் வேறொருவர் என்பதால், ஒன்று நின்றாலும் மற்றது பெரும்பாலும் சரியாக ஓடியிருக்கும்.

ஏ அணிக்குப் பின்களத்தில் (தன் கூடை இருக்கும் பாதியில்) த்ரோ-இன். தாளில் "6:42 / 24 / ஏ". பந்து உள்ளே வந்தது. கேம் கிளாக் 6:42-லேயே நிற்கிறது. ரெஃப்ரி கவனித்து விசில் அடிக்கும்போது ஷாட் கிளாக் 15. கடந்தது 9 விநாடி. சரியான நேரம் 6:33. இதை க்ரூ சீஃபிடம் சொல்லும் விதமும் முக்கியம்: "சார், த்ரோ-இன் 6:42-ல. ஷாட் கிளாக் 24-ல ஆரம்பிச்சு 15-ல நிக்குது. நடுவுல ரீசெட் இல்ல." அவ்வளவு போதும். "ஒரு பத்து செகண்ட் போயிருக்கும் சார்" என்பது தகவல் ஆகாது.

"நடுவுல ரீசெட் இல்ல" என்ற அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பந்து ரிங்கில் பட்டு ஷாட் கிளாக் ரீசெட் ஆகி மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தாலோ, பந்து கைமாறியிருந்தாலோ, இந்தக் கழித்தல் செல்லாது. ரிங்கில் பட்ட பந்தை யாராவது பிடித்துக் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் வரை ஷாட் கிளாக் நின்றிருக்கும். அந்த இடைவெளி அதில் பதிவாகாது. கூடை விழுந்து, அடுத்த அணி பந்தை உள்ளே போடும் வரைக்கும் இப்படித்தான்: கேம் கிளாக் ஓடிக்கொண்டிருக்கலாம், ஷாட் கிளாக் ஓடாது.

ஷாட் கிளாக் உதவாதபோது ஸ்டாப்வாட்ச், அதுவும் இல்லையென்றால் ரெஃப்ரி அந்த நேரத்தில் கையால் எண்ணிக்கொண்டிருந்த 5 விநாடி நெருக்கக் காவல் எண்ணிக்கை (பந்து வைத்திருப்பவரை எதிரணி வீரர் நெருங்கி மறிக்கும்போது எண்ணுவது). த்ரோ-இன்னுக்கு எண்ணும் 5 விநாடியை இதில் சேர்க்க வேண்டாம், அப்போது கடிகாரம் ஓடுவதே இல்லை.

எந்த ஆதாரமும் இல்லையென்றால்? ஃபிபா விதியில் முடிவு க்ரூ சீஃபின் தீர்ப்புக்கு உட்பட்டது. அமெரிக்கப் பள்ளி விதிகள் இந்த இடத்தில் இன்னும் கறார்: நேரம் பற்றி உறுதியான தகவல் இருந்தால்தான் திருத்தலாம். டேபிளில் இருப்பவர் என்ற முறையில் என் கருத்தும் அதற்குப் பக்கத்தில்தான். "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை சார்" என்று சொல்ல டைமர் தயங்கக் கூடாது. யாரோ ஒருவர் சொன்ன நேரத்தை அப்படியே ஏற்றிவிட்டு, அது தவறு என்று பிறகு தெரிந்தால், பிழை இரண்டாகிவிடும்.

### ரெஃப்ரியை உடனே கவனிக்க வைக்க வேண்டியது எப்போது

இரண்டாவது குவார்ட்டர் நடுவில் 2 விநாடி தாமதம் என்றால் அடுத்த டெட் பால் வரை பொறுக்கலாம். கடைசி நிமிடத்தில் பொறுக்க முடியாது. ரெஃப்ரியோ கமிஷனரோ உடனே கவனிக்கும்படி செய்யுங்கள். ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தினால், பந்து வைத்திருந்த அணிக்கே த்ரோ-இன் கிடைக்கும். அப்போது ஷாட் கிளாக்கைப் பற்றித் தவறாமல் கேளுங்கள். இரு அணிக்கும் சம்பந்தமில்லாத காரணத்தால் ஆட்டம் நின்றால் பின்களத்தில் 24-க்கு ரீசெட் என்பது பொது விதி. ஆனால் அது எதிரணிக்குப் பாதகம் என்று ரெஃப்ரி கருதினால், நின்ற இடத்திலிருந்தே தொடர வேண்டும். 15 விநாடி மீதமிருந்தபோது கடிகாரக் கோளாறால் நின்றதற்கு இன்னும் 9 விநாடி பரிசாகக் கிடைத்தால் எதிரணி சும்மா இருக்குமா? கேட்டு, சொன்னபடி வையுங்கள்.

## அறிகுறி 2: விசில் அடித்தும் கடிகாரம் ஓடிக்கொண்டே போனது

விசில் கேட்கவில்லை. கூட்டம் அதிகமான இரவு ஆட்டங்களில் இது சகஜம். காதை மட்டும் நம்பாமல் கையையும் பாருங்கள்: விதிமீறலுக்கு விரித்த உள்ளங்கை உயரும், ஃபவுலுக்கு மூடிய முஷ்டி.

பட்டன் ஒட்டிக்கொண்டது, அல்லது இருமுறை அழுந்தியது. பழைய கன்சோல்களில் ஸ்டார்ட்டும் ஸ்டாப்பும் ஒரே பட்டன். வேகமாக அழுத்தும்போது நின்று, உடனே மறுபடி ஓடத் தொடங்கிவிடும். அழுத்தியதும் இலக்கங்கள் உறைகின்றனவா என்று ஒரு பார்வை பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

இங்கும் அதே கணக்குதான். த்ரோ-இன் 4:30-ல், ஷாட் கிளாக் 24. ஃபவுலுக்கு விசில் அடித்தபோது ஷாட் கிளாக் இயக்குபவர் சரியாக 11-ல் நிறுத்திவிட்டார். கேம் கிளாக் நின்றது 4:11-ல். 24-லிருந்து 11 போனால் 13 விநாடி. 4:30-ல் 13 போனால் 4:17. 6 விநாடியைத் திரும்பப் போட வேண்டும்.

நிமிடம் மாறும் இடத்தில் கழித்தலை இரண்டு முறை சரி பாருங்கள். 5:03-ல் 9 விநாடி போனால் 4:54.

### கிளை: கடைசி 2 நிமிடத்தில் கூடை விழுந்தும் நிறுத்தவில்லை

நான்காவது குவார்ட்டரிலும் கூடுதல் நேரத்திலும், 2:00 அல்லது அதற்குக் குறைவாக இருக்கும்போது களக்கூடை விழுந்தால் கேம் கிளாக் நிற்க வேண்டும். இதை மறப்பதுதான் ஆட்டத்தின் முடிவையே மாற்றும் பிழை. திருத்துவதிலும் ஒரு சறுக்கல் உண்டு, கவனியுங்கள்.

1:31-ல் ஏ அணியின் கூடை விழுகிறது. கடிகாரம் நிற்கவில்லை. பி அணி பந்தை உள்ளே போட்டு டிரிபிள் செய்துகொண்டு வருகிறது. பிழை தெரிந்து விசில் அடிக்கும்போது கேம் கிளாக் 1:22, ஷாட் கிளாக் 19. உடனே எல்லோரும் "1:31-க்குப் போடுங்கள்" என்பார்கள். அது தவறு. பந்து உள்ளே தொடப்பட்ட பிறகு 5 விநாடி முறையாகவே ஆடப்பட்டிருக்கிறது. 1:31-லிருந்து அந்த 5-ஐக் கழித்து 1:26 என்று வைக்க வேண்டும். வீணாக ஓடியது 4 விநாடி மட்டுமே.

### கிளை: நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டார்கள்

மூன்றாவது குவார்ட்டரில் கூடை விழுந்ததும் கை தானாக ஸ்டாப்புக்குப் போகும். அப்போது கடிகாரம் நிற்கக் கூடாது. கூடை வாங்கிய அணி டைம்-அவுட் கேட்டிருந்தால் மட்டும்தான் விலக்கு. கூடை போட்ட அணியே கேட்டிருந்தால் அதற்காக நிறுத்தக் கூடாது. உடனே ஓட விடுங்கள், இழந்தது ஓரிரு விநாடி என்றால் அடுத்த டெட் பாலில் சொல்லித் திருத்திக்கொள்ளலாம்.

## அறிகுறி 3: கடிகாரம் முன்கூட்டியே ஓடிவிட்டது

த்ரோ-இன் போடுபவர் கையிலிருந்து பந்து விடுபட்டதுமே அழுத்துவது, கடைசி ஃப்ரீ த்ரோ ரிங்கில் பட்டதுமே அழுத்துவது, ஜம்ப் பாலில் ரெஃப்ரி இரு அணி வீரர்களுக்கு நடுவே பந்தை மேலே எறிந்ததுமே அழுத்துவது, மூன்றும் ஒரே பிழைதான். மூன்றிலும் விடை தொடுகை. ஜம்ப் பாலில் குதிப்பவர் முறைப்படி தட்டும்போது, தவறிய கடைசி ஃப்ரீ த்ரோவில் களத்திலுள்ள வீரர் பந்தைத் தொடும்போது, த்ரோ-இன்னில் உள்ளே இருப்பவர் முறைப்படி தொடும்போது.

"முறைப்படி" என்பதைத் தாண்டிப் போகாதீர்கள். த்ரோ-இன் பந்தை எதிரணி வீரர் வேண்டுமென்றே காலால் தடுத்தால் அது முறையான தொடுகை ஆகாது. ஓடியிருந்தால் பழைய நேரத்துக்கே திரும்ப வேண்டும். ஆட்டம் தொடங்கும் ஜம்ப் பாலில் பந்து உச்சிக்குப் போகும் முன்பே தட்டினால் அது விதிமீறல், போர்டு 10:00-க்கே போக வேண்டும்.

பந்தை யாரும் தொடாத நிலையில் ரெஃப்ரி நிறுத்திவிட்டால் எளிது: தாளில் எழுதிய நேரத்தை வைத்து, த்ரோ-இன்னை மறுபடி போடச் சொல்வார்.

## அறிகுறி 4: நேரம் முடிந்தது, பஸ்ஸர் ஒலிக்கவில்லை

வயர் கழன்றிருக்கலாம், ஒலியளவு குறைந்திருக்கலாம், தானாக ஒலிக்கும் அமைப்பை யாராவது அணைத்திருக்கலாம். கடைசியாகத்தான் ஹார்ன் கெட்டுப்போனதா என்று பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் கேம் கிளாக்கை 5 விநாடியில் வைத்து ஒருமுறை பூஜ்யத்துக்கு ஓட விட்டால் இவை எல்லாமே அப்போதே தெரிந்துவிடும். ரெஃப்ரிகளின் அதிகாரம் ஆட்டத்துக்கு 20 நிமிடம் முன்பே தொடங்கிவிடுகிறது, அவர்கள் முன்னிலையில் செய்யுங்கள்.

ஒலிக்காவிட்டால், எந்த வழியிலாவது ரெஃப்ரிக்கு உடனே தெரிவிப்பது டைமரின் கடமை என்று விதியே சொல்கிறது. எழுந்து நின்று கையை ஆட்டுங்கள், கத்துங்கள், கையில் விசில் இருந்தால் அடியுங்கள். பூஜ்யம் ஆன கணத்தில் பந்து ஷூட்டர் கையில் இருந்ததா, காற்றில் இருந்ததா என்று பார்த்து வையுங்கள். அடுத்து வரும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பின்பலகையைச் சுற்றிச் சிவப்பு விளக்கு இருக்கும் அரங்குகளில் ஒலியைவிட விளக்குக்கே முன்னுரிமை. விளக்கு எரிந்த பின் கையை விட்டுப் போன பந்து, பஸ்ஸர் தாமதமாக ஒலித்தாலும், செல்லாது.

முடிவு ஒலிப்பதற்குச் சற்று முன் ஃபவுல் நடந்து, கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விட்டால், மீதி நேரம் எவ்வளவு என்பதை ரெஃப்ரிகள் தீர்மானிப்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட ரீப்ளே வசதி இருந்தால் அதைப் பார்க்கலாம். "அங்கீகரிக்கப்பட்ட" என்றால், ஆட்டத்துக்கு முன்பே க்ரூ சீஃப் பார்த்து ஒப்புக்கொண்ட கருவி. கேலரியிலிருந்து ஒரு பெற்றோர் செல்போனை நீட்டிக்கொண்டு ஓடி வருவார். அவர் எடுத்த வீடியோ எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ரெஃப்ரி அதைப் பார்க்கக் கூடாது. மரியாதையாகச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

## அறிகுறி 5: மீதி ஒரு விநாடிக்கும் குறைவு

த்ரோ-இன்னிலோ, கடைசி ஃப்ரீ த்ரோவின் ரீபவுண்டிலோ பந்தைப் பிடித்து ஷூட் செய்ய வேண்டுமானால், கடிகாரம் குறைந்தது 0.3 காட்ட வேண்டும். 0.2 அல்லது 0.1 என்றால் பந்தைத் தட்டிவிட்டோ நேரடியாக டங்க் செய்தோதான் கூடை போட முடியும். என்பிஏவில் இந்த விதிக்கு வழி வகுத்தது 1990 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் நடந்த ஆட்டம். 0.1 விநாடி மீதமிருக்க ட்ரென்ட் டக்கர் பந்தைப் பிடித்து, திரும்பி, எறிந்து 3 புள்ளி எடுத்தார். நியூயார்க் நிக்ஸ் வென்றது. அந்த 0.1 விநாடிக்குள் அதையெல்லாம் செய்ய முடியாது. அதனால் 0.3-க்கும் 0.2-க்கும் உள்ள வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை, அங்கே திருத்தம் தவறினால் ஒரு அணிக்கு ஷூட் செய்யும் உரிமையே போய்விடும்.

பல பழைய போர்டுகளில் கடைசி நிமிடத்தில் பத்தில் ஒரு பங்கு தெரியாது, அல்லது கன்சோலில் தெரியும், போர்டில் தெரியாது. அப்படியானால் ரெஃப்ரி கேட்கும் முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள்: "சார், 0.4 இருக்கு." அவர் இரண்டு அணிக்கும் சொல்லிவிட்டுத்தான் பந்தைக் கொடுப்பார். சரியான நேரம் காட்டப்படுகிறதா என்று பார்ப்பது ரெஃப்ரியின் பொறுப்பு, ஆனால் அவரால் கன்சோலைப் பார்க்க முடியாது.

கன்சோலில் பத்தில் ஒரு பங்கை ஏற்றும் வழியே இல்லையென்றால் (சில மலிவான கருவிகளில் இல்லை), அந்தக் கடைசி விநாடியை ஸ்டாப்வாட்ச்சில் எப்படி நடத்துவது என்று ஆட்டத்துக்கு முன்பே க்ரூ சீஃபுடன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். 70-70 என்று இருக்கும்போது பேசத் தொடங்க வேண்டாம்.

## அறிகுறி 6: ஷாட் கிளாக் தவறாக ஒலித்தது, அல்லது தவறாக ரீசெட் ஆனது

தவறாக ஒலித்தால் அதைப் பொருட்படுத்தாமல் ஆட்டம் தொடர வேண்டும். பந்து வைத்திருந்த அணி பாதிக்கப்பட்டது என்று ரெஃப்ரி கருதினால் மட்டும் நிறுத்தி, ஷாட் கிளாக்கைத் திருத்தி, பந்தை அதே அணிக்குக் கொடுப்பார். ஒலித்தவுடன் நாமே கேம் கிளாக்கை நிறுத்திவிடுவது இரண்டாவது கோளாறு. பிழையான ஒலி என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால், விசில் வரும் வரை கேம் கிளாக்கை ஓட விடுங்கள்.

தவறான ரீசெட்தான் சிக்கலானது. பந்து ரிங்கில் படவே இல்லை, பலகையில் மட்டும் பட்டது. இயக்குபவர் பட்டதாக நினைத்து ரீசெட் செய்துவிட்டார். அதே அணியே பந்தை எடுத்து ஆடுகிறது. உடனே தெரிந்தால் ரெஃப்ரி நிறுத்தி, பழைய மீதி நேரத்தை வைக்கச் சொல்வார். ரீசெட்டுக்கு முன் என்ன இருந்தது என்பது இயக்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே கேம் கிளாக் உதவிக்கு வரும்: அந்த அணி பந்தை எடுத்து ஆடத் தொடங்கியபோது தாளில் 7:20 / 24, இப்போது 7:01 என்றால் 19 விநாடி போயிற்று, மீதி 5.

அதற்குள் கூடையே விழுந்துவிட்டால்? ரீசெட் நடக்காமல் இருந்திருந்தால் அந்தப் பந்து ஷாட் கிளாக் ஒலிக்கும் முன் கையை விட்டுப் போயிருக்குமா என்று ரெஃப்ரிகள் பார்ப்பார்கள். போயிருக்கும் என்றால் கூடை செல்லும். இல்லையென்றால் 24 விநாடி விதிமீறல், கூடை செல்லாது. மறுபடியும் அந்தத் தாள்தான் பேசும்.

## அறிகுறி 7: போர்டு அணைகிறது, இலக்கம் தாவுகிறது, டைம்-அவுட் முடிந்து பார்த்தால் நேரம் மாறியிருக்கிறது

கடைசியிலிருந்து தொடங்குகிறேன். டைம்-அவுட்டின் 1 நிமிடத்தை கேம் கிளாக்கிலேயே ஓட்டுவது பல இடங்களில் வழக்கம். செய்யாதீர்கள். அதற்குத் தனி ஸ்டாப்வாட்ச் வேண்டும் என்பது விதி. கேம் கிளாக்கை மாற்றினால் 3:48 என்ற நேரம் அழிந்து, பிறகு நினைவிலிருந்து ஏற்றுவார்கள். ஸ்டாப்வாட்ச்சில் 50 விநாடி ஆனதும் ஒரு ஒலி, முடிந்ததும் ஒரு ஒலி.

போர்டு அணைந்தால் இந்த வரிசையில் பாருங்கள். ப்ளக் தளர்ந்திருக்கிறதா, டேபிளுக்குக் கீழே யார் காலாவது எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பட்டதா? ஃப்ளட்லைட்டும் போர்டும் ஒரே லைனில் ஓடினால் வோல்டேஜ் குறைந்து போர்டு தானே மறுபடி தொடங்கும், வேறு லைனுக்கு மாற்றுங்கள். வயர்லெஸ் கன்சோல் என்றால் பேட்டரி. வயர் என்றால் இரண்டு முனையிலும் கனெக்டர், பிறகு தரையில் ஓடும் கேபிள். நாற்காலிக் கால் ஏறி நசுங்கிய கேபிள் ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. மாற்றுக் கேபிள் போட்டுப் பார்ப்பதே சோதனை.

இலக்கத்தின் ஒரு கோடு மட்டும் எரியாமல் 8 என்பது 6 போலத் தெரிந்தால், கன்சோலில் நேரம் சரியாக இருக்கிறது என்று ரெஃப்ரியிடம் சொல்லி ஆட்டத்தைத் தொடரலாம். இலக்கங்கள் தாமாகத் தாவினால் தொடரக் கூடாது. அந்தக் கருவியை அன்றைக்கு ஒதுக்கிவிட்டு, ஸ்டாப்வாட்ச்சும் மைக் அறிவிப்புமாக முடியுங்கள்.

கேபிள், பேட்டரி, லைன் மூன்றும் மாற்றியும் சரியாகவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பவர் சப்ளை, டிரைவர் போர்டு, கன்சோலின் உள்பலகை. மின்சாரம் இருக்கும்போது பெட்டியைத் திறப்பது ஆபத்து, டேபிளில் இருப்பவர் வேலையும் அல்ல. கருவி கொடுத்தவரின் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். அவரிடம் "சரியா வேலை செய்யல" என்று சொல்லாமல், எந்த நேரத்தில், எதை அழுத்தியபோது, என்ன காட்டியது என்று தாளைப் பார்த்துச் சொன்னால் பாதி வேலை முடியும்.

## அறிகுறி 8: பிழை நடந்து வெகு நேரம் கழித்துத் தெரிகிறது

முதலில் எந்த வகைப் பிழை என்று பிரியுங்கள், இரண்டுக்கும் காலக்கெடு வேறு.

தகுதியில்லாத ஃப்ரீ த்ரோ கொடுத்தது, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதது, ஆள் மாறி ஃப்ரீ த்ரோ போட்டது, புள்ளியைத் தவறாகக் கொடுத்தது அல்லது ரத்து செய்தது: இவை தனி. பிழைக்குப் பின் கடிகாரம் ஓடத் தொடங்கி, முதல் டெட் பால் வந்து, பந்து மறுபடி உயிர் பெறுவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். திருத்தும்போது கடிகாரம் பின்னோக்கிப் போகாது. இடையில் எடுத்த புள்ளியும் கடந்த நேரமும் அப்படியே செல்லும். "ஃப்ரீ த்ரோவைத் திருத்துகிறீர்களே, நேரத்தையும் திருப்புங்கள்" என்று கோச் கேட்டால் விடை இதுதான்.

கடிகாரத்தை இயக்கியதில், ஸ்கோரை எழுதியதில் டேபிள் செய்த பிழைகளுக்கு அந்தக் கெடு இல்லை. க்ரூ சீஃப் ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்துப் போடும் வரை எந்த நேரத்திலும் ரெஃப்ரிகள் திருத்தலாம். அதனால் கையெழுத்துக்காக அவர் முன் ஷீட்டை நீட்டும் முன் ஒருமுறை எல்லாவற்றையும் ஒப்பிட்டுவிடுங்கள். போர்டும் ஷீட்டும் வேறுபட்டால் ஷீட்டுக்கே மதிப்பு.

திருத்தப்படாத நேரப் பிழையால் பாதிக்கப்பட்டதாக ஒரு அணி கருதினால், கேப்டன் ஆட்டம் முடிந்த 15 நிமிடத்துக்குள் க்ரூ சீஃபிடம் சொல்லி, முறையீட்டுக்கான இடத்தில் கையெழுத்திட வேண்டும். காரணத்தை 1 மணி நேரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். கேப்டன் கேட்டால் அந்த இடத்தைக் காட்டுங்கள், தயங்க வேண்டாம். அது அவர்கள் உரிமை. உங்கள் தாளைக் கிழித்துப் போடாமல் கமிஷனரிடம் கொடுங்கள்.

க்ரூ சீஃப் கையெழுத்திட்ட பிறகு பிழை தெரிந்தால், ரெஃப்ரியும் திருத்த முடியாது. அவர் போட்டி நடத்துபவர்களுக்கு விரிவான அறிக்கை அனுப்ப வேண்டும், முடிவு அவர்களுடையது. அந்த அறிக்கையில் எழுத நீங்கள் குறித்த நேரங்களைக் கேட்பார். அப்படியே படித்துச் சொல்லுங்கள்.